ஏழேகால் வண்டிக்குப் பன்னிரண்டு பேர்

ஜைலானியால் ஒரே மூச்சில் நாற்பத்திரண்டு அடி நடக்க முடியும். அதற்கு மேல் வைத்தால் வலது முழங்கால் மடங்கிவிடும். சுபார்மி இதை உத்தேசமாகச் சொல்லவில்லை, ஒரு மாதம் கூடவே நடந்து எண்ணியிருந்தாள். வீட்டு வாசலிலிருந்து சந்து முனை பஸ் நிறுத்தம் வரை முப்பத்தெட்டு அடி. மிச்சம் இருந்த நாலு அடியை நம்பித்தான் வாரம் இரண்டு முறை கணவனைப் பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப் போய் வந்தாள்.

பிறகு நகராட்சி சாக்கடையைத் தோண்டியது.

சுராபாயாவில் மழைக்கு முன்னால் எங்காவது தோண்டுவார்கள். அந்த வருஷம் இவர்கள் சந்துக்கு முறை வந்தது. திறந்து கிடந்த பழைய சாக்கடையில் ஆள் உயர கான்கிரீட் பெட்டிகளை வரிசையாக இறக்கி, மேலே மூடி, அதன் மீது நடைபாதை போடுவது திட்டம். நல்ல வேலைதான். வெள்ளம் வந்தால் அலமாரியில் கீழ்த் தட்டைக் காலி செய்கிற வேலை இனி இருக்காது. ஆனால் ஐந்து மாதம் சந்து முனைக்கு மினி பஸ் வரவில்லை. பெரிய சாலையோடு திரும்பிக்கொண்டது. பெரிய சாலை தொள்ளாயிரம் மீட்டர்.

வாதம் வந்த ஆளை மோட்டார் சைக்கிள் டாக்சியில் ஏற்றக் கூடாது. ஏற்றிப் பார்த்துத்தான் சுபார்மி தெரிந்துகொண்டாள். ஏப்ரல் மாதம் ஒரு திருப்பத்தில் ஜைலானி வலது பக்கமாகச் சரிந்தான், அவனோடு ஓட்டுநரும் வண்டியும் சரிந்தார்கள். நெற்றியில் நாலு தையல். அதன்பின் சில வாரம் காரில் போனார்கள், சில வாரம் போகவில்லை. போகாத வாரங்களின் முடிவில் நாற்பத்திரண்டு முப்பத்தைந்தாகக் குறைந்தது. மறுபடி ஏற்ற இரண்டு மாதம் பிடித்தது.

சுபார்மிக்கு அப்போது அறுபது வயது. லாமொங்கான் பக்கத்து மீன் குட்டைக்காரர் வீட்டுப் பெண். பத்தொன்பது வயதில் நகரத்துக்கு வந்து இரண்டு வருஷம் இறால் உரித்தாள். விரல் நுனிகள் வெந்தது போல ஆனதும் அதை விட்டுவிட்டு நகராட்சித் துப்புரவு வேலைக்குப் போனாள். மஞ்சள் சட்டை, மூங்கில் கூடை, நீளத் துடைப்பம். பாலத்திலிருந்து சந்தை வரை ஆயிரத்து இருநூறு மீட்டர் அவளுடையது. முப்பத்தொரு வருஷம் அதைப் பெருக்கினாள். ரம்புத்தான் பழப் பருவத்தில் தோலாலேயே ஒரு கூடை கூடும். தேர்தல் முடிந்த காலையில் மூன்று கூடை கூடும். ஒருமுறை யாரோ ஒருவருடைய பல் செட்டும், இன்னொரு முறை ஒரு தம்பதியின் கல்யாணப் பதிவுப் புத்தகமும் கிடைத்தன. புத்தகத்தைத் தேடிப் போய்க் கொடுத்தாள். பல் செட்டைக் கழுவிச் சந்தை வாசலில் மூன்று நாள் வைத்தும் கேட்டு யாரும் வரவில்லை.

ஜைலானி அந்தச் சாலையில் பெமோ ஓட்டினான். பன்னிரண்டு பேரைத் திணிக்கிற, நினைத்த இடத்தில் நிற்கிற பச்சை வேன். ஒருநாள் அவள் கூட்டி வைத்திருந்த குவியலின் மேலேயே நிறுத்தி ஆள் ஏற்றினான். அவள் துடைப்பக் கட்டையால் வேனின் பக்கத் தகட்டை அடித்தாள். ஒரு குழி விழுந்தது. கல்யாணமான பிறகும் அந்தக் குழியை அவன் தட்டவிடவில்லை. "இதான் வரதட்சணையா வந்துச்சு" என்று பயணிகளிடம் காட்டுவான்.

நகரத்து பஸ்கள் வந்தபின் பெமோவுக்கு ஆள் குறைந்தது. வேனை விற்றான். விற்ற அடுத்த வருஷம் வாதம் வந்தது. ஆகவே அந்த பஸ்ஸைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. போதாததற்கு அதில் காசு வாங்கமாட்டார்கள். அட்டை காட்டலாம், இல்லையென்றால் காலி பிளாஸ்டிக் பாட்டில் கொடுக்கலாம். அரை லிட்டர் பாட்டில் ஐந்து கொடுத்தால் ஒரு ஆள் ஏறலாம்.

"குப்பையக் குடுத்து ஏர்ற வண்டி" என்பான் ஜைலானி. வாய் வலது பக்கம் தொங்கியிருந்ததால் வார்த்தை வழுக்கும், ஆனாலும் கோபம் தெளிவாக வரும். "நா ஏத்துன ஜனம் காசு குடுத்து ஏறுச்சு."

"ஏறினாங்க. மடியில ஒரு ஆளு, கதவுல ரெண்டு ஆளு. செருப்பைப் போடுங்க, நேரமாச்சு" என்பாள் சுபார்மி.

பாட்டிலுக்கு அவளிடம் பஞ்சமில்லை. சந்தின் குப்பை வங்கி அவள் பொறுப்பு. பதினைந்து வருஷத்துக்கு முன் சாக்கடை பொங்கி எல்லார் வீட்டுக்குள்ளும் வந்தபோது, அடைத்திருந்ததை அள்ளிப் பார்த்தவள் அவள்தான். பாதிக்கு மேல் பாட்டிலும் கோப்பையும். அன்றே தொழுகைக் கூடத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, பிரித்து வாங்க ஆரம்பித்தாள். கழுவணும், மூடியைக் கழற்றித் தனியாகப் போடணும், தாளைக் கிழிக்கணும், கடைசியில் காலால் மிதித்துத் தட்டையாக்கணும். "நசுக்காமக் கொண்டு வந்தா காத்தைத்தான் மூட்டை கட்டுறோம்" என்று வீடு வீடாகச் சொன்னாள். இப்போது அந்தச் சந்தில் பாட்டிலைக் குடித்து முடித்தவர் கை தானாக மூடியைத் திருகும், கால் தானாக மிதிக்கும்.

பஸ்ஸில் மட்டும் நசுக்கியது செல்லாது. அளவு தெரியவேண்டும் என்பார்கள். அதற்காகச் சுபார்மி இரண்டு சாக்குகளில் நசுக்காத பாட்டில் தனியாக வைத்திருந்தாள்.

செப்டம்பரில் நடைபாதை முடிந்தது. ஒரு கடிதம் வந்தது. சந்தின் தலைவர் கஸ்முரி அதை மூக்குக் கண்ணாடி போட்டு வாசித்தார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலை ஏழேகால் வண்டி பழையபடி சந்து முனைக்கு வரும். ஏறுகிறவர்களை ஒரு ஊழியர் எண்ணுவார். மூன்று நாளும் குறைந்தது பன்னிரண்டு பேர் ஏறினால் நிறுத்தம் இருக்கும். ஒரு நாள் குறைந்தாலும் வண்டி பெரிய சாலையோடு நின்றுவிடும்.

"பன்னெண்டு பேரா? நம்ம சந்துல எல்லார்கிட்டயும் மோட்டார் சைக்கிள் இருக்கே" என்றாள் துத்திக். மூலை வீட்டில் பெச்சல் சோறு விற்பவள். கீரையும் கடலைச் சாந்துமாக அவள் கட்டித் தரும் பொட்டலம் அந்த வட்டாரத்தில் பெயர் பெற்றது. அவள் வாயும்தான்.

"எல்லாரும் சும்மா ஒரு ரவுண்டு ஏறி இறங்கிடலாம் யூ பார்மி" என்றார் கஸ்முரி. சந்தில் அவள் எல்லாருக்கும் மூத்தவள் முறை, யூ பார்மி. "யாரு கேக்கப் போறா?"

"சும்மா ஏறினா அடுத்த வாரமே வண்டி காலியா ஓடும். அப்ப மறுபடி நிறுத்துவான். ஏர்றவங்க நெஜமாவே எங்கயாவது போகணும்."

உட்கார்ந்து யாருக்கு எங்கே வேலை என்று கேட்டாள். ஒருத்திக்கு ஆறு மாதமாகப் பல்வலி, போகாமல் தள்ளிக்கொண்டிருந்தாள். இன்னொருத்திக்கு அடையாள அட்டையில் பெயர் திருத்தவேண்டும். துத்திக்குக்கு மொத்தச் சந்தையில் கடலை வாங்கவேண்டும், வழக்கமாக மகனைக் கெஞ்சுவாள். ஒரு கிழவர் மூக்குக் கண்ணாடி உடைந்து ஒரு வருஷமாகிறது. பதினாலு பேர் தேறினார்கள்.

திங்கட்கிழமை பதினாலு பேரும் ஏறினார்கள். எண்ண வந்தவர் வஹ்யுதி என்ற மெலிந்த இளைஞர். கையில் ஒரு எண்ணும் கருவி, ஆள் படியில் கால் வைத்தால் ஒரு சொடுக்கு. செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வரவில்லை, ஆனாலும் ஜைலானியோடு சேர்த்துப் பன்னிரண்டு. அன்று ஜைலானியின் சிகிச்சை நாள்.

பயிற்சி தரும் பெண் அவன் நடையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வாய்ப் பயிற்சிக்கு வந்தாள். வயதில் பெரிய ஆண்களை அங்கே 'பாக்' என்பார்கள்.

"பாக், உறிஞ்சுகுழல் வெச்சு தண்ணியில ஊதுற பயிற்சி செய்றீங்களா?"

"செய்றேன்" என்றான் ஜைலானி.

"குழலைத் தூக்கிக் கோழி மேல எறிஞ்சாரு" என்றாள் சுபார்மி.

"எனக்கென்ன மூணு வயசா? குமிழி விட்டு வெளையாட?"

"உதட்டுல பலம் வந்தா சோறு ஒழுகாது பாக். வலது ஓரத்தை விரலால இப்பிடி அமுக்கிக்கிட்டு ஊதுங்க. அப்ப காத்து தப்பாது." அந்தப் பெண் அவன் இடது கை ஆள்காட்டி விரலை எடுத்து உதட்டோரத்தில் வைத்துக் காட்டினாள். அவன் விரலை எடுத்துவிட்டான்.

வீடு திரும்ப மூன்று மணி. சுபார்மி அவன் குதிகால்களையும் இடுப்பையும் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள், குளிப்பாட்டினாள், சோறு கொடுத்தாள். முப்பத்தொரு வருஷத்தில் வேலை முடிந்ததும் கூடையையும் துடைப்பத்தையும் ஒருமுறை பார்க்காமல் அவள் படுத்ததில்லை. அன்று கொட்டகைப் பக்கம் போகவில்லை. கால் வலித்தது. சாக்கில் இன்னும் அறுபது எழுபது பாட்டில் இருக்கும் என்று தெரியும், அது போதும்.

புதன் காலை ஆறே முக்காலுக்கு நிறுத்தத்தில் ஆட்களை எண்ணினாள். தன்னையும் சேர்த்துப் பதினொன்று. பல்வலிக்காரி பல்லைப் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்கிப் படுத்திருந்தாள். இன்னும் ஒருத்தர் வேண்டும். சுபார்மி வீட்டுக்கு வந்தாள்.

"எழுந்திரிங்க. இன்னைக்கு நீங்களும் வரணும்."

"இன்னைக்கு வைத்தியம் கெடையாதே."

"பழைய பெமோ நிலையத்துல காப்பிக் கடை இன்னும் இருக்காம். உங்க கூட்டாளிங்க உக்காந்திருப்பாங்க. காப்பி குடிச்சிட்டு வரலாம்."

"எண்ணிக்கைக்கு நானா?"

"ஆமா, எண்ணிக்கைக்குத்தான். காப்பி நெஜம்."

இடுப்பில் துணிப் பட்டையைக் கட்டி, அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, இடது காலை முதலில் வைக்கச் சொல்லி, முப்பத்தெட்டு அடி நடத்தி, நிறுத்தத்து முக்காலியில் உட்காரவைத்தாள். மணி ஏழு ஐந்து. கஸ்முரி இரண்டு சாக்கையும் தள்ளுவண்டியில் கொண்டு வந்து இறக்கினார். முகத்தில் ஒரு பெருமை.

"நேத்து நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, கொட்டகையில கூட்டு வேலை வெச்சோம் யூ பார்மி. உங்களுக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கல. பாருங்க, எவ்வளவு சின்னதாக் கட்டியிருக்கோம்!"

சாக்குகள் சின்னதாகத்தான் இருந்தன. சுபார்மி வாயைப் பிரித்தாள். உள்ளே அப்பளம் அடுக்கியது போல அத்தனையும் தட்டை. கழுவி, தாள் கிழித்து, மூடி கழற்றி, மிதித்து. பதினைந்து வருஷம் அவள் சொன்னபடியே.

எல்லாரும் சாக்குக்குள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் துத்திக்தான், "பாக் கஸ்முரி, உங்களுக்கு நல்லா மிதிக்க வருது" என்றாள்.

"பஸ்ஸுக்கு வெச்சிருந்ததுன்னு எனக்கு யாரு சொன்னா?"

"சாக்கு மேல எழுதி ஒட்டியிருக்கே!"

"தாளைக் கிழிக்கணும்னு யூ பார்மிதானே..."

"போதும்" என்றாள் சுபார்மி. "அட்டை யார்கிட்ட இருக்கு?"

மூன்று பேரிடம் இருந்தது. மீதி ஒன்பது பேர், நாற்பத்தைந்து பாட்டில். துத்திக் வீட்டுக்கு ஓடி நசுங்காத காலிப் பாட்டில் ஆறு கொண்டு வந்தாள். முப்பத்தொன்பது குறைந்தது. மணி ஏழு ஏழு.

கஸ்முரி வஹ்யுதியின் அருகில் போய், தம்பி என்கிற முறையில் குழைந்தார். "மாஸ், ஆளு எல்லாம் இங்கதான நிக்கிறாங்க. கண்ணுக்குத் தெரியுது. அப்பிடியே பன்னெண்டு சொடுக்கிடுங்களேன்."

"படியில கால் வெச்சாத்தான் சொடுக்குவேன் பாக். எனக்கும் மேல ஒருத்தர் இருக்காரு."

சுபார்மி ஒரு பாட்டிலை எடுத்தாள். வாயில் வைத்து ஊதினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி, அடிவயிற்றிலிருந்து ஊதினாள். பட் என்று சத்தம் வந்து பாட்டில் பாதி நிமிர்ந்தது. இன்னொரு ஊதல், முழுக்க. சுருக்கம் விழுந்திருந்தது, ஆனால் அரை லிட்டர் பாட்டில் என்று யாருக்கும் தெரியும்.

"ஆளுக்கு அஞ்சு. கழுவினதுதான், பயப்படாம ஊதுங்க."

ஊதினார்கள். பட் பட் என்று சந்து முனை முழுக்கச் சத்தம். அடையாள அட்டைக்காரி தலை சுற்றி நடைபாதையில் உட்கார்ந்தாள். கண்ணாடிக் கிழவருக்கு இரண்டுக்கு மேல் முடியவில்லை. துத்திக் அவருக்கும் சேர்த்து ஊதினாள். "என் புருஷன் பார்த்தா, இவ்வளவு மூச்சை வெச்சுக்கிட்டுத்தான் என்னைத் திட்டினியான்னு கேப்பாரு" என்றாள். சிரித்தவர்களுக்குக் காற்று போய்விட்டது. "சிரிக்காதீங்க, ஊதுங்க" என்று சுபார்மி அதட்டினாள். கஸ்முரி யாரும் சொல்லாமலே ஆறு ஊதினார். அவர் முகம் சிவந்து நரம்பு புடைத்ததைப் பார்த்து, "நீங்க உக்காருங்க, ரத்தக் கொதிப்பு இருக்கு உங்களுக்கு" என்று அவரிடமிருந்து பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

வண்டி சரியாக ஏழேகாலுக்கு வந்தது. உதவியாளப் பெண் இறங்கிக் கூடையை நீட்டினாள். ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சுபார்மியை அம்மா முறையில் கூப்பிட்டுக் கேட்டாள்.

"என்ன இபு இது, சண்டைக்குப் போய் வந்த மாதிரி இருக்கு?"

"அரை லிட்டரா இல்லையா?"

"அரை லிட்டர்தான்."

"கழுவியிருக்கா?"

"கழுவியிருக்கு." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். முறுக்கேறி நசுங்கியிருந்த இரண்டை ஒதுக்கினாள், அதற்கு சுபார்மி வாதாடவில்லை. ஒவ்வொருத்தராக ஏறினார்கள். வஹ்யுதியின் கையில் சொடுக்கு, சொடுக்கு. பத்து. சுபார்மி தன் ஐந்தைக் கொடுத்துவிட்டு ஜைலானியை எழுப்பி நிறுத்தினாள். அவன் பங்குக்கு மூன்றுதான் மிஞ்சியது. ஒதுக்கிய இரண்டும் அவனுடையவை.

துத்திக் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். "குடு, நா ஊதுறேன்."

"வேணாம்" என்றான் ஜைலானி. "என் டிக்கெட்ட நா ஊதிக்கிறேன்."

சுபார்மியின் இரண்டு கையும் அவன் இடுப்புப் பட்டையில் இருந்தது. வஹ்யுதி குனிந்து சாக்கிலிருந்து தட்டையான ஒரு பாட்டிலை எடுத்து அவன் இடது கையில் வைத்தார். அவன் வாயில் வைத்து ஊதினான். காற்றெல்லாம் வலது ஓரமாகப் புஸ்ஸென்று போனது, எச்சிலும் தெறித்தது. சுபார்மி துடைக்கவில்லை. துடைத்தால் கோபித்துக்கொண்டு நிறுத்திவிடுவான்.

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்; ஜைலானி பெமோ ஓட்டிய நாட்களை அறிந்தவர். "பாக், டைம் ஆச்சு. அடுத்த நிறுத்தத்துல கேப்பாங்க."

"இருப்பா" என்றான் ஜைலானி.

"அந்தக் காலத்துல ஆள் நெறையட்டும்னு அரை மணி நேரம் வண்டியப் போட்டு வெச்சீங்களே, அந்தப் பழக்கம் போகலையா?"

உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். ஜைலானி ஓட்டுநரை முறைத்தான். பிறகு பாட்டிலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை உதட்டின் வலது ஓரத்தில் அழுத்தினான். குனிந்து ஊதினான். பட் என்று நிமிர்ந்தது. அடுத்ததை வஹ்யுதி ஏற்கனவே எடுத்து வைத்திருந்தார். அது மூன்று ஊதலில் வந்தது.

"அஞ்சு" என்றாள் உதவியாளப் பெண்.

நல்ல கால் மேலே, கெட்ட கால் பின்னால். சொடுக்கு. அவன் பின்னால் சுபார்மி. சொடுக்கு. வண்டி நாலு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது.

காப்பிக் கடையில் பழைய பெமோக்காரர்கள் மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது ஆள் ரமலானுக்கு முன்பே இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். ஜைலானி ஓட்டுநர் பேசியதை அவர்களிடம் சொல்லித் திட்டினான். இரண்டு முறை சொன்னான். காப்பி சட்டையில் ஒழுகியது, வழக்கத்தைவிடக் குறைவா அதிகமா என்று சுபார்மி கவனிக்கவில்லை. அவள் கடைக்காரியிடம் காலிப் பாட்டில்களை என்ன செய்கிறாள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நிறுத்தம் உண்டு. ஆனால் சந்து முனையில் புதுக் கான்கிரீட்டின் மேல் பஸ் நிற்பது சரியல்ல என்று பொறியாளர்கள் சொன்னதால், பாலத்துப் பக்கம் தள்ளி வைப்பார்கள். கஸ்முரி வாசித்து முடிப்பதற்குள் சுபார்மி எழுந்து போய் அடி எண்ணினாள். ஜைலானியின் அடி அளவுக்கே குறுக்கி வைத்து எண்ணினாள். அறுபத்தொன்று.

திரும்பி வரும்போது, வீட்டிலிருந்து முப்பதாவது அடியில் நின்றாள். துத்திக் வீட்டுச் சுவர். வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து, சுவரோடு ஒட்டிப் போட்டு, காற்றில் சாயாமல் காலைக் கம்பியால் கட்டினாள். முப்பது அடி நடந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி, பிறகு முப்பத்தொன்று. கணக்கு சரியாக வந்தது.

நாற்காலியில் துத்திக்கின் வாடிக்கைக்காரர்கள் உட்கார்ந்து பெச்சல் சாப்பிடுகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் ஏழு மணி ஆனால், சந்துக்குள்ளிருந்தே சுபார்மியின் குரல் வரும்: "எழுந்திரிங்க, ஆளு வர்றாரு!" அவர்கள் பொட்டலத்தோடு எழுந்து நிற்பார்கள். ஜைலானி வந்து உட்காருவான். மடியில் ஒரு பையில் தட்டையான பாட்டில் ஐந்து இருக்கும். கஸ்முரி சாக்கில் எழுதி ஒட்டியதை இன்னும் வாசிப்பதில்லை. ஜைலானி ஒவ்வொன்றாக எடுத்து, உதட்டோரத்தில் விரலை வைத்து ஊதிக்கொண்டிருப்பான். குழல் விஷயத்தை யாரும் அவனிடம் மறுபடி எடுக்கவில்லை.